மருந்தும் மனையும்

காட்பாடி தென்னகத்தின் பெரிய இரயில் சந்திப்புகளுள் ஒன்றாகும். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் வண்டிகளும், திருப்பதி வழியாக வடக்கிலிருந்து வரும் வண்டிகளும், விழுப்புரம் நோக்கித் தெற்கே செல்லும் வண்டிகளும் அங்கே கூடிப் பிரிகின்றன. அந்நிலையத்தின் மேடையில் ஒரு நாழிகை நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு காட்சி தவறாமல் தென்படும். வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து வந்து இறங்குவோர் பலர். பாலாற்றைக் கடந்தால் வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடியே அவர்கள் வருகின்றனர். அதே மேடையில், மருத்துவம் முடிந்து ஊர் திரும்புவோரும் அமர்ந்திருப்பர். வருவோர் கையில் பழைய ஊடுகதிர்ப் படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். போவோர் கையில் அவ்வுறையுடன் ஒரு மருந்துப் பையும் இருக்கும்.

அந்தப் பையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதனுள் ஆறு வகை மாத்திரைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்று உணவுக்கு முன், ஒன்று பின். ஒன்று நாளுக்கு மூன்று வேளை, மற்றொன்று வாரத்திற்கு ஒரே முறை. மூன்று திங்கள் கழித்து மீண்டும் வருமாறு ஒரு சீட்டில் எழுதியிருக்கும். மருத்துவமனையில் படுத்திருந்த வரையில், வேளை அறிந்து மருந்தை எடுத்து வந்து, நோயாளி விழுங்கும் வரை அருகில் நின்றவர் செவிலியர். வண்டி காட்பாடியை விட்டு நகர்ந்த அந்தக் கணத்தில் அப்பணி யாருடையது ஆகிறது? மருத்துவமனையில் கழிந்தவை பத்து நாட்கள். வீட்டில் கழியப் போவனவோ தொண்ணூறு நாட்கள். நோயின் போக்கைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்தத் தொண்ணூறு நாட்களே. ஆயினும் பேச்செல்லாம் அந்தப் பத்து நாட்களைப் பற்றியதாகவே இருந்து விடுகிறது.

திருவள்ளுவர் இதனை மறந்தாரல்லர். மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக அவர் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் அவர் நான்காவதாகச் சேர்த்து எண்ணினார். அந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. முதல் மூன்றையும் தேடிப் பல நூறு கல் பயணம் செய்யும் மக்கள், நான்காவதை வீட்டிலேயே தேடிக்கொள்ள வேண்டும் என்பதை எண்ணுவது அரிது.

வேலூரின் மருத்துவ வரலாறே இவ்வுண்மையின் வரலாறு எனலாம். 1900ஆம் ஆண்டில் ஒற்றைக் கட்டிலுடன் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். சில ஆண்டுகளில் அவர் ஊர் ஊராகச் சென்று, சாலையோரத்து மரநிழல்களில் நோயாளரைப் பார்க்கலானார். வாரத்திற்கு ஒரு நாள் வண்டி வரும், நோயாளர் கூடுவர், புண்ணுக்குக் கட்டும், காய்ச்சலுக்கு மருந்தும் கிடைக்கும், வண்டி போய்விடும். அடுத்த முறை அது வரும் வரையில் எஞ்சிய ஆறு நாட்களும் மருந்து குடிசையில்தான் இருந்தது. அதனைக் கொடுத்தவர் தாயோ, மூத்த மகளோ, பாட்டியோ ஆவர். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

தொழுநோயின் கதை இதனை இன்னும் தெளிவாக உணர்த்தும். பழைய வட ஆர்க்காடு மாவட்டம் அந்நோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று. நெடுங்காலம் நீரடிமுத்து எண்ணெயை ஊசி வழியாகச் செலுத்துவதே அதற்கு மருந்தாக இருந்தது; அதனால் விளைந்த வலி பெரிது, பயன் சிறிது. 1940களில் டாப்சோன் என்னும் மருந்து பயனுக்கு வந்தது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இராபர்ட்டு காக்ரேன் அதனைக் கையாண்டு பார்த்தவர்களுள் முன்னோடி. விலை குறைந்த சிறிய மாத்திரை, வீட்டிலேயே உண்ணலாம். நோயாளரை ஊரை விட்டு விலக்கி அடைத்து வைக்கும் கொடுமைக்கு அது முடிவு கட்டும் என்று யாவரும் மகிழ்ந்தனர். மகிழ்ந்தது தவறன்று. 1955ஆம் ஆண்டில், காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது.

ஆனால் அந்தச் சிறிய மாத்திரையை உண்ண வேண்டிய காலம் சிறிதன்று. கடுமையான வகை நோயுடையோர் பல ஆண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதுமே அதனை உண்ண வேண்டியிருந்தது. உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, இன்று உண்டாலும் உண்ணாவிட்டாலும் நாளைக்கு வேறுபாடு ஒன்றும் தோன்றுவதில்லை. அத்தகைய மருந்தை ஒரு மனிதர் பத்து ஆண்டுகள் தனியாக நினைவில் வைத்து உண்பார் என்று எதிர்பார்த்தது யாருடைய பிழை? விட்டு விட்டு உண்டதும், ஒற்றை மருந்தையே நம்பியிருந்ததும் சேர்ந்து, நோய்க்கிருமிகள் அம்மருந்துக்கு அஞ்சாதவை ஆயின. 1964ஆம் ஆண்டில் மலேயாவில் இது மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர் பல நாடுகளிலும் பரவலாகக் காணப்பட்டது. நோயாளர் ஒழுங்கற்றவர் என்று சொல்லிவிடுவது எளிது. மாத்திரையைக் கொடுத்தவர்கள், அதனுடன் ஓர் ஆளையும் ஒரு முறையையும் கொடுக்கவில்லை என்று சொல்வதே நேர்மையாகும்.

1982ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தபோது இக்குறை பெரிதும் நீங்கியது. டாப்சோனுடன் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் என்னும் மருந்துகள் சேர்க்கப்பட்டன. மருந்துகளின் வலிமை ஒருபுறம் இருக்க, அவற்றை அடுக்கிய முறையே இங்கு வியந்து நோக்கத்தக்கது. 28 நாட்களுக்கு உரிய மாத்திரைகள் ஒரே அட்டையில் நான்கு வாரங்களாக வரிசையிடப்பட்டன. திங்களுக்கு ஒரு முறை உண்ண வேண்டியவற்றை நோயாளர் பணியாளரின் கண்முன்னே விழுங்குவார். எஞ்சியவற்றை வீட்டில் நாள்தோறும் ஒவ்வொன்றாக எடுத்து உண்பார். எழுத்தறியாதவரும் அட்டையைப் பார்த்த அளவில் எத்தனை நாள் தவறியது என அறியலாம். காலியான குழி உண்ட நாளைக் காட்டும். நிறைந்த குழி தவறிய நாளைக் காட்டும். மருந்தே தனக்கு நாட்குறிப்பாகவும் அமைந்துவிட்டது. 1995 முதல் இவ்வட்டைகள் உலகெங்கும் விலையின்றி வழங்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் இறுதியில், இந்நோய் இந்தியாவில் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவினும் குறைந்தது.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ரிஃபாம்பிசின் உண்டவரின் சிறுநீர் செந்நிறமாகும். குளோஃபசிமின் உண்டவரின் தோல் கருக்கும். இரண்டாலும் கேடு இல்லை. மருந்து நின்றதும் நிறம் முன்னர்க் கூறியது உடனேயும், பின்னர்க் கூறியது மெல்ல மெல்லவும் மாறிவிடும். இதனை முன்கூட்டியே சொல்லாத இடத்தில், இரத்தம் போகிறது என்று அஞ்சி மருந்தை எறிந்தவர் உண்டு. சொல்லிய இடத்தில், மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தவர் உண்டு. மருந்து ஒன்றே; ஒரு வாக்கியந்தான் வேறுபாடு.

காசநோயிலும் சென்னை மாநகரம் உலகுக்கே ஒரு பாடம் கற்பித்தது. 1956ஆம் ஆண்டில் அங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளர் நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவும் உள்ள நலவிடுதிகளில் தங்கினாலன்றிப் பிழையார் என்பது எங்கும் நிலவிய கொள்கை. கட்டில்களோ மிகச் சில. நோயாளரோ மிகப் பலர். ஆகவே சென்னையின் ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நலவிடுதியிலும், மற்றொரு பிரிவினரை அவரவர் குடிசைகளிலும் வைத்து, ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. குடிசையில் நெருக்கடியிலும், குறைந்த உணவிலும் இருந்தோர், நலவிடுதியில் இருந்தோருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே நலம் பெற்றனர். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. உலக நாடுகள் பலவற்றில் நலவிடுதிகளின் காலம் முடிந்ததற்கு இவ்வாய்வு ஒரு பெருங்காரணம்.

இம்முடிவைப் பலரும் புகழ்கின்றனர். இதனோடு ஒட்டிய மற்றொரு செய்தியைக் கூறுவோர் சிலரே. நிலையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். உண்டதாகக் கூறியோர் யாவரும் உண்டிருக்கவில்லை. இருமல் நின்றதும், உடல் தேறியதும், மருந்து எதற்கு என்னும் எண்ணம் மனித இயல்பு. வீட்டிலே மருத்துவம் இயலும். ஆனால் வீட்டிலே ஒருவர் பார்த்துக்கொண்டால்தான் இயலும் என்பதே அவ்வாய்வின் முழுப் பொருள். கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறையைச் சென்னை நிலையம் தொடர்ந்து ஆராய்ந்தது. அம்முறையே பின்னர் உலகெங்கும் காசநோய்த் திட்டங்களுக்கு அடிப்படையாயிற்று.

மருந்து கொடுப்பதோடு வீட்டாரின் கடமை முடிவதில்லை என்பதற்கும் வேலூரே சான்று. 1946இல் அங்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லை எனக் கண்டார். நரம்பு உணர்விழந்து விடுவதால் சுடுவதும் குத்துவதும் தெரிவதில்லை. காயம் புண்ணாகிப் புண் எலும்பை அரிப்பதனாலேயே விரல் குறைகிறது. ஆயினும் சிலருடைய விரல்கள் ஓர் இரவிலேயே குறைந்திருந்தன. காரணம் அறியாது திகைத்து, இரவெல்லாம் காவலிருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. உறங்குவோரின் உணர்வற்ற விரலை எலிகள் கடித்தன, உறங்கியவர் அறியவில்லை. அதன் பின்னர், நலம் பெற்று ஊர் திரும்பிய நோயாளர்க்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினர்! மருத்துவ வரலாற்றில் பூனை மருந்துச் சீட்டில் இடம் பெற்றது அதுவே போலும். நகைப்புக்கு உரியதாகத் தோன்றினும், வீட்டை அறிந்த மருத்துவம் இதுவே. நோயாளர் எங்கே படுக்கிறார், எதில் சமைக்கிறார், எதனைக் காலில் அணிகிறார் என்று கேட்டறிந்த மருத்துவம் இது.

காலணியைப் பற்றியும் ஒரு சொல். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். அங்குத் தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. அப்பகுதியிலேயே, கரிகிரியில், மென்மையான நுண்துளை இரப்பரைக் கொண்டு உணர்விழந்த பாதங்களுக்கென்று காலணிகள் செய்யப்பட்டன. அவற்றில் அழகு இல்லை. ஆனால் அவை காத்த கால்கள் பல. இன்று அதே வகைக் காலணி நீரிழிவு நோயாளர்க்கும் வேண்டியதாகிவிட்டது. நீரிழிவும் பாதத்தின் உணர்வைப் போக்கும் நோய் ஆதலின், நாள்தோறும் இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விளக்கொளியில் அடிப்புறத்தைப் பார்க்கும் பழக்கம் அந்நோயாளர் வீட்டிலும் வேண்டும். முதியவர் குனிந்து தம் பாதத்தைத் தாமே பார்த்தல் அரிது. பேரனோ பேத்தியோ பார்த்துச் சொல்லலாம். அதற்குப் பட்டம் ஒன்றும் தேவையில்லை.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் இன்று வீடுதோறும் புகுந்துள்ளன. தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இந்நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது. நல்ல செயல். ஆயினும் வாயிலிலிருந்து வாய்க்குள்ள தொலைவு இன்னும் எஞ்சியிருக்கிறது. தவறுகள் நிகழ்வது அவ்விடத்திலேதான்.

அத்தவறுகளுள் பல, அறியாமையால் அல்ல, அன்பாலேயே நிகழ்கின்றன. தனக்கு நலம் தந்த மாத்திரையை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்து உதவுவோர் உளர். காய்ச்சல் தணிந்ததும் குழந்தைக்கு இனி மருந்து வேண்டாம் என இரக்கப்பட்டு, கிருமிக்கொல்லி மருந்தை இடையில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்குச் சேர்த்து வைப்போரும் உளர். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாரசிட்டமால் என்னும் மருந்து வெவ்வேறு வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. இரண்டு பெயர்களும் இரண்டு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் கொடுப்பவர், இரட்டை அளவு கொடுத்தவர் ஆகிறார். அளவு மிகுந்தால் அது ஈரலைக் கெடுக்கும். மூட்டு நோய்க்கு வாரம் ஒரு முறை உண்ண வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டு என்னும் மருந்தை, மற்ற மாத்திரைகளைப் போல் நாள்தோறும் உண்டு உயிருக்கே ஊறு தேடிக்கொண்டோர் பல நாடுகளிலும் உண்டு. பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளை நெடுநாள் உண்டவர், உடல் தேறியது என்று ஒரே நாளில் நிறுத்தினால் மயங்கி விழவும் கூடும்; அவற்றைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

இன்சுலினைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். வீட்டில் கையாளும் மருந்துகளுள் இதனினும் கவனம் வேண்டுவது அரிது. இந்நாட்டில் புட்டிகளில் விற்கப்படும் இன்சுலின் இருவகை. ஒன்று, ஒரு மில்லி லிட்டரில் 40 அலகு கொண்டது. மற்றொன்று 100 அலகு கொண்டது. ஊசிக்குழல்களும் அவ்வாறே இருவகை. 40க்கு உரியது சிவப்பு மூடி உடையது, 100க்கு உரியது செம்மஞ்சள் மூடி உடையது. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில், வழக்கமான கோடு வரை இழுத்தால், உட்செல்வது இரண்டரை மடங்கு. குருதியில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நினைவு தவறும். கடையில் வேறு குழலை மாற்றிக் கொடுத்தபோது மூடியின் நிறத்தைப் பார்த்த ஒரு மருமகளோ மகனோ ஓர் உயிரைக் காத்தவர் ஆவர். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மண்பானைக்குள் புட்டியை நீர் படாமல் வைத்துக் காப்பதும் உண்டு. அது நல்ல முறையே; ஆயினும் வெயில் படும் பலகணியிலும், அடுப்புக்கு மேலுள்ள மாடத்திலும் வைப்பது ஆகாது. வேலூர்ப் பகுதியின் கோடை வெயில் யாவரும் அறிந்தது.

மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்துத் தருவதும், பழைய குப்பியில் எல்லாவற்றையும் கொட்டி வைப்பதும் விடத்தக்க பழக்கங்கள். கெடுநாள் அச்சிட்ட பகுதி முதலில் வெட்டுப்பட்டுப் போகிறது. பின்னர் எஞ்சுவன வெள்ளை வட்டங்களே. மண்ணெண்ணெயைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வீடுகளில் குழந்தைகளுக்கு நேர்ந்தவற்றை விரித்துக் கூறத் தேவையில்லை.

இத்தனைக்கும் வீட்டாரையே குறை கூறுதல் முறையன்று. மருந்தட்டையின் மேல் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். அதுவும் எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்து. மருத்துவரின் சீட்டிலே அமர்ந்திருப்பது கண்டாரே வியக்கும் கையெழுத்து. காட்பாடி மேடையில் அமர்ந்திருக்கும் வங்காளத்து மூதாட்டிக்கும், காட்பாடிக் கடைத்தெருவில் மருந்து வாங்கும் தமிழ் மூதாட்டிக்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை. இருவருக்கும் அம்மொழி அயல்மொழியே. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் அட்டையில் செங்கோடு ஒன்று இடுவது விதி. அக்கோட்டின் பொருளை எத்தனை வீடுகளுக்கு யார் எடுத்துக் கூறினர்? தொழுநோய் அட்டையை எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளுமாறு அமைத்த அறிவு, இரத்த அழுத்த மாத்திரைக்கு ஏன் பயன்படவில்லை? சில மருந்தகங்களில் உறையின் மேல் கதிரவனையும் நிலவையும் வரைந்து தருகின்றனர். செலவு ஒரு பேனாக்கோடு. இதனை எங்கும் கட்டாயமாக்குவதற்கு ஆராய்ச்சி ஒன்றும் வேண்டியதில்லை. மருந்தின் பெயரையும், நோயின் பெயரையும், வேளையையும் தமிழில் எழுதித் தருதல் மருந்து விற்போரின் கடமை என ஆக்குதலே போதும்.

வீட்டின் பக்கமும் ஒரு மாற்றம் வேண்டும். உழைச்செல்வான் என்று வள்ளுவர் குறித்த இடத்தில் இன்று பெரும்பாலும் நிற்பவள் ஒரு பெண். மாமியாருக்கு வேளைக்கு மாத்திரை, கணவருக்கு ஊசி, குழந்தைக்குக் கரண்டி மருந்து என யாவற்றையும் அவளே நினைவில் கொள்கிறாள். கரண்டி என்பதும், மருந்துடன் வரும் அளவுமூடியே அன்றிச் சமையற் கரண்டி அன்று என்பதையும் அவளே அறிந்திருக்கிறாள். அவளுக்கும் இரத்த அழுத்தம் உண்டு. அவளுக்கும் மாத்திரை உண்டு. அதனை நினைவூட்டுவார் இல்லை. மற்றவர் உண்ட பின்னர் உண்ணும் பழக்கம், மற்றவர் மருந்துண்ட பின்னர்த் தன் மருந்தை மறக்கும் பழக்கமாகவும் ஆகிவிடுகிறது. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஒரு சிறு வேலையைக் கொடுக்கலாம். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் மருந்துண்டதும் ஒரு கோடு இடும் வேலை அது. தாயின் பெயரை அப்பட்டியலில் முதலில் எழுத வேண்டும்.

வண்டி புறப்படும் நேரம் ஆயிற்று எனில், காட்பாடி மேடையிலுள்ள குடும்பம் தன் பையைத் திறந்து, சீட்டை விரித்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று ஒரு முறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். ஐயம் எழுந்தால் ஆற்றுக்கு அப்பால் மருத்துவமனை இன்னும் அருகிலேயே உள்ளது. அடுத்த வண்டியும் உண்டு.